மீட்பனும் பழிவாங்குகிறவனும்: ‘ஹெல் ஆர் ஹை வாட்டர்’ திரைப்படம் பற்றிய ஓர் இறையியல் திறனாய்வு

‘மீட்பு’ என்னும் சொல்லைப் பிரசங்க பீடத்திலும் பாமாலையிலும் ஜெபத்திலும் நாம் நாள்தோறும் வழங்கி வருகிறோம். வழங்கி வழங்கி அதன் பழம்பொருள் தேய்ந்துவிட்டது. அச்சொல் நிலத்தையும் கடனையும் சார்ந்து பிறந்தது என்பது நம்மில் பலருக்கு நினைவில்லை. வறுமையால் ஒருவன் விற்றுவிட்ட காணியை அவனுடைய நெருங்கிய இனத்தான் விலை கொடுத்துத் திரும்பப் பெறுவதையே லேவியராகமம் மீட்பு என்று அழைக்கிறது (25:25). இப்பழம்பொருளை நம் கண்முன் கொண்டுவந்து நிறுத்தும் திரைப்படம் ஒன்றை இங்கு ஆராய விரும்புகிறோம். அது 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஹெல் ஆர் ஹை வாட்டர்’ என்னும் அமெரிக்கப் படம்.

வங்கிகளைக் கொள்ளையிடும் இரு சகோதரரின் கதை இறையியல் இதழில் ஆராய்வதற்கு உரியதோ எனச் சிலர் ஐயுறலாம். திருமறையே கொலையும் கொள்ளையும் நில அபகரிப்பும் நிறைந்த வரலாறுகளின் வழியாகத்தான் நம்மிடம் பேசுகிறது. நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைப் பற்றிய அதிகாரத்தை வாசித்துப் பழகிய நமக்கு இப்படம் அந்நியமாகத் தோன்றாது. மேலும், மீட்பைப் பற்றி இப்படம் ஒரு கருத்தை முன்வைக்கிறது. அக்கருத்து பாதி உண்மை. எந்தப் பாதி உண்மை, எந்தப் பாதி பிழை எனப் பகுத்தறிவது இறையியலாரின் கடமை என்று நாம் கருதுகிறோம்.

கதையும் களமும்

இப்படத்தை இயக்கியவர் டேவிட் மெக்கென்சி. கதை வசனம் எழுதியவர் டெய்லர் ஷெரிடன். ஆஸ்கர் விருதுக்கு நான்கு பிரிவுகளில் இது பரிந்துரைக்கப்பட்டது. மேற்கு டெக்சாஸே கதைக்களம். ஆனால் படப்பிடிப்பு பெரும்பாலும் அண்டை மாநிலமான நியூ மெக்சிகோவில் நடைபெற்றது. படத்தின் தலைப்பு ஆங்கிலத்தில் வழங்கும் ஒரு மரபுத்தொடர். என்ன இடர் வந்தாலும் செய்தே தீருவது என்பது அதன் பொருள். குத்தகை ஒப்பந்தங்களில், எது நேரினும் தவணையைச் செலுத்தியே ஆகவேண்டும் என்னும் நிபந்தனைக்கும் வழக்கறிஞர்கள் இதே பெயரை வழங்குகின்றனர். ஆகவே தலைப்பிலேயே கடனின் குரல் ஒலிக்கிறது.

டோபி, டானர் என்னும் சகோதரர் இருவர். தம்பி டோபி மணவிலக்குப் பெற்றவன்; இரண்டு ஆண்மக்களுக்குத் தந்தை; நோயுற்ற தாயை அவள் மரிக்கும்வரை உடனிருந்து பேணியவன். அண்ணன் டானர் சிறையிலிருந்து வெளிவந்து ஓராண்டே ஆனவன். தங்களைக் கொடுமைப்படுத்திய தந்தையைச் சுட்டுக் கொன்றவன். தாய் தன் பண்ணையைப் பிணையாக வைத்து டெக்சாஸ் மிட்லண்ட்ஸ் என்னும் வங்கியிடம் கடன் பெற்றிருந்தாள். வாழும் காலத்தில் வங்கி பணம் தந்துவர, கடனும் வட்டியும் ஒருசேர வளர்ந்து, கடனாளி மறைந்ததும் நிலம் ஏலத்துக்கு வரும் வகையான அடமானம் அது. இதற்கிடையில் அந்நிலத்தில் எண்ணெய் இருப்பது தெரிய வருகிறது. குறித்த நாளுக்குள் கடனை அடைக்காவிடில் பண்ணை வங்கிக்குப் போய்விடும்.

எனவே சகோதரர்கள் அதே வங்கியின் கிளைகளில் திருடுகிறார்கள். பெட்டகத்தைத் தொடுவதில்லை, காசாளர் மேசையில் உள்ள சில்லறை நோட்டுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். ஓட்டிச் சென்ற காரைப் பண்ணையிலேயே குழிவெட்டிப் புதைக்கிறார்கள். ஓக்லஹோமாவிலுள்ள பூர்வகுடியினரின் சூதாட்ட விடுதியில் பணத்தைச் சில்லுகளாக மாற்றி, அவற்றைத் திரும்பக் கொடுத்து, வங்கியின் பெயருக்கே காசோலை பெறுகிறார்கள். வங்கிப் பணத்தைக் கொண்டே வங்கிக் கடனைத் தீர்ப்பதுதான் திட்டம். இவர்களைப் பின்தொடர்கிறார்கள் டெக்சாஸ் ரேஞ்சர் காவலர் இருவர். ஒருவர் ஓய்வுபெறும் தறுவாயில் உள்ள மார்கஸ் ஹாமில்டன். மற்றவர் ஆல்பர்ட்டோ பார்க்கர். கொமான்சி பூர்வகுடியினரும் மெக்சிகரும் கலந்த மரபினர்.

கடன் என்னும் அநீதி

படத்தின் முதற்காட்சியிலேயே ஒரு சுவரெழுத்து நம் கண்ணில் படுகிறது. மூன்று முறை ஈராக் போருக்கு அனுப்பப்பட்டோம். ஆனால் எங்களைப் போன்றோரைத் தூக்கிவிட அரசு உதவவில்லை என்பது அதன் கருத்து. 2008ஆம் ஆண்டு செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் வீழ்ந்ததையும், அதற்கடுத்த மாதமே நிதி நிறுவனங்களைத் தாங்குவதற்கென 70,000 கோடி டாலர் வரை செலவிட அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புதல் தந்ததையும் நினைவில் வைத்துத்தான் அச்சுவரெழுத்தை வாசிக்கவேண்டும். வங்கி வீழ்ந்தால் நாடு தாங்குகிறது. குடியானவன் வீழ்ந்தால் வங்கி அவன் நிலத்தை எடுத்துக்கொள்கிறது.

இதைப் படம் மேடைப் பேச்சாக்கவில்லை. சிறு நிகழ்ச்சிகளின் வழியே காட்டுகிறது. கடன் விளம்பரப் பலகைகள் வெறிச்சோடிய சாலைகளின் ஓரத்தில் நிற்கின்றன. உணவு விடுதிப் பணிப்பெண்ணுக்கு டோபி 200 டாலர் அன்பளிப்பாக வைத்துச் செல்கிறான். அது தடயப் பொருள், ஒப்படைக்கவேண்டும் எனக் காவலர் கேட்கும்போது அவள் மறுக்கிறாள். தன் மகளுடன் தான் வாழும் வீட்டின் தவணைக்கு அப்பணம் வேண்டும் என்கிறாள். அங்கிருக்கும் ஒரு முதியவரோ, முப்பது ஆண்டுகளாகத் தன்னைக் கொள்ளையிட்டுவந்த வங்கியே இன்று கொள்ளைபோகக் கண்டதாகச் சொல்கிறார். ஊராரிடம் சாட்சி கிடைக்கவில்லை. சட்டம் ஒருபுறமும் நீதியுணர்வு மறுபுறமும் நிற்கும் ஊரில் சாட்சி சொல்ல எவர் முன்வருவர்?

நெகேமியா ஐந்தாம் அதிகாரத்தின் கூக்குரலை இங்கு நாம் கேட்கிறோம். வயல்களையும் வீடுகளையும் அடமானம் வைத்துத் தானியம் வாங்கிய மக்கள், தங்கள் சகோதரரான யூதர்மேலேயே முறையிட்டார்கள். நெகேமியா கடன்காரரைச் சபையார் முன் நிறுத்தி, நிலத்தை அன்றே திருப்பிக் கொடுக்கச் செய்தார். வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்ப்போருக்கு ஏசாயா ஐயோ என்றார் (5:8). பாவம் தனி மனிதனின் நெஞ்சில் மட்டுமன்று, ஒப்பந்தத் தாளிலும் குடியிருக்கக்கூடும் என்பது தீர்க்கதரிசிகளின் போதனை. இப்படத்தின் உண்மையான பாதி இதுவே. அதை நாம் தயங்காமல் ஏற்கிறோம்.

நாபோத்துக்கு முன் இருந்தவர்கள்

ஆயினும் படம் இத்துடன் நின்றுவிடவில்லை. வங்கிக் கிளை ஒன்றின் எதிரே காத்திருக்கும் வேளையில் ஆல்பர்ட்டோ தன் தோழரிடம் பேசுகிறார். இந்நிலம் முழுவதும் ஒருகாலத்தில் தன் முன்னோருடையது. இங்குள்ளோரின் பாட்டன்மார் அதைப் பறித்தனர். இப்போது இவர்களிடமிருந்து அது பறிக்கப்படுகிறது. ஆனால் பறிப்பது படையன்று, எதிரே நிற்கும் இந்த வங்கியே என்கிறார். திரைக்கதைக்கு ஷெரிடன் முதலில் இட்ட பெயர் ‘கொமான்செரியா’ என்பது. கொமான்சியரின் நாடு என்று பொருள்படும் அச்சொல் இக்காட்சியில்தான் தன் முழு வலிமையைப் பெறுகிறது.

வரலாறு ஆல்பர்ட்டோவின் பக்கம் நிற்கிறது. டெக்சாஸ் தனிக் குடியரசாக இருந்த காலத்தில், 1839ஆம் ஆண்டில், ஒரு சட்டம் இயற்றப்பட்டது. கடனுக்காக ஒரு குடும்பத்தின் வீட்டையும் 50 ஏக்கர் வரையிலான அதன் நிலத்தையும் பறிமுதல் செய்யக்கூடாது என்பது அச்சட்டம். லேவியராகமத்தின் ஆவி அதில் உண்டு எனலாம். ஆனால் மறு ஆண்டு மார்ச் மாதத்திலேயே, சான் அன்டோனியோ நகருக்குச் சமாதானம் பேசவந்த கொமான்சியரில் தலைவர்கள் உட்பட முப்பதுக்கும் மேற்பட்டோர் அதே குடியரசின் படையினரால் கொல்லப்பட்டனர். குடியேறியவனின் காணியைக் காத்த அரசே பூர்வகுடியின் காணியைப் பறித்தது. 1875இல் குவானா பார்க்கர் தம் மக்களுடன் சில் கோட்டையில் சரணடைந்தார். ஓக்லஹோமாவில் எஞ்சியிருந்த ஒதுக்கீட்டு நிலமும் 1901இல் பிறருக்குத் திறந்துவிடப்பட்டது. படத்தின் ரேஞ்சருக்கும் பார்க்கர் என்ற பெயரே இருப்பது நம் சிந்தனைக்குரியது. குடியேறியவர்களுக்கு இருந்த பாதுகாப்பும் நிலைக்கவில்லை. 1997இல் டெக்சாஸ் தன் அரசியல் சாசனத்தைத் திருத்தி, வீட்டைப் பிணையாக வைத்துக் கடன் வாங்க வழி திறந்தது. டோபியின் தாயுடையது போன்ற அடமானங்களுக்கும் வாயில் அவ்வழியாகத்தான் திறந்தது.

இங்கே நமக்கு ஓர் இடர்ப்பாடு எழுகிறது. டோபியை நாபோத்தாகவும் வங்கியை ஆகாபாகவும் வாசிப்பது எளிது. ஆனால் நாபோத்துக்கு முன் அத்தோட்டத்தில் யார் இருந்தார்? ஓசேஜ் இனத்தைச் சேர்ந்த அறிஞர் ராபர்ட் ஆலன் வாரியர் 1989இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் இக்கேள்வியையே விடுதலை இறையியலாரிடம் எழுப்பினார். யாத்திராகமத்தை அடிமைகளின் விடுதலைக் கதையாக வாசிப்போர், அதன் தொடர்ச்சியான கானான் கைப்பற்றுதலைக் கானானியரின் கண்களால் வாசிக்க மறந்தனர் என்பது அவர் வாதம். அவருடைய முடிவுகள் அனைத்தையும் ஏற்கவேண்டியதில்லை. ஆயினும் அக்கேள்வியை ஒதுக்கிவிட்டு நிலத்தைப் பற்றிப் பிரசங்கிப்பது இனி இயலாது. நிலம் என்னுடையது, நீங்கள் என்னிடத்தில் பரதேசிகளே என்று கர்த்தர் சொல்வதாக லேவியராகமம் 25:23 கூறுவது இதனால்தான் மிக ஆழ்ந்த வசனமாகிறது. நிலத்தின்மேல் இறுதி உரிமை டோபிக்கும் இல்லை, வங்கிக்கும் இல்லை.

கோயேல் என்னும் சொல்லின் இரு முகங்கள்

எபிரெயத்தில் மீட்பவனைக் குறிக்கும் சொல் ‘கோயேல்’ என்பது. வறியவனின் காணியை மீட்கும் இனத்தான் கோயேல். ரூத்தின் வரலாற்றில் போவாஸ் கோயேல். தன் மீட்பர் உயிரோடிருப்பதாக யோபு அறிக்கையிடும்போது வழங்குவதும் அச்சொல்லே. ஆனால் எண்ணாகமம் 35ஆம் அதிகாரத்தில், கொல்லப்பட்டவனுக்காகக் கொலைஞனைத் துரத்திக் கொல்லும் உறவினனுக்கும் இதுவே பெயர். இரத்தத்தின் கோயேல் என்று அவன் அழைக்கப்படுகிறான். நம் தமிழ்த் திருமறை முதலாமவனை மீட்பவன் என்றும் இரண்டாமவனைப் பழிவாங்குகிறவன் என்றும் வேறுபட்ட சொற்களால் பெயர்த்திருப்பதால், இருவரும் ஒரே சொல்லின் இரு முகங்கள் என்பது நமக்குப் புலப்படுவதில்லை.

இப்படத்தை விளங்கிக்கொள்ள இச்சொல்லே திறவுகோல் என்று துணிகிறோம். டோபி முதல் வகைக் கோயேல். குடும்பத்தின் காணியை அவன் மீட்கிறான். மீட்டதைத் தனக்கென வைத்துக்கொள்ளாமல் மக்கள் பெயரில் எழுதிவைக்கிறான். மார்கஸ் இரண்டாம் வகைக் கோயேல். இறுதிக் கொள்ளைக்குப் பின், தம்பி தப்பிச்செல்லும்படி டானர் தன்னைத் துரத்துவோரை மலைக்குன்றுகளுக்கு இழுத்துச் செல்கிறான். அங்கிருந்து சுட்டு ஆல்பர்ட்டோவைக் கொல்கிறான். மார்கஸ் குன்றைச் சுற்றிச் சென்று டானரைச் சுட்டு வீழ்த்துகிறார். வீழ்த்தியபின் அவர் முகத்தில் தோன்றுவது சிரிப்பா அழுகையா எனப் பிரித்தறிய இயலவில்லை. ஜெப் பிரிட்ஜஸ் என்னும் நடிகரின் ஆற்றல் அங்கு உச்சத்தை அடைகிறது. பழிவாங்கியவனுக்கு ஆறுதல் இல்லை என்பதை எந்தப் பிரசங்கமும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

இறுதிக் காட்சியில் இவ்விருவரும் மீட்கப்பட்ட பண்ணை வீட்டின் தாழ்வாரத்தில் எதிரெதிரே அமர்கின்றனர். ஓய்வுபெற்ற மார்கஸ் ஒரே ஒரு கேள்வியை எழுப்புகிறார்: இத்தனை பேர் மாண்டது எதற்காக? வறுமை தலைமுறை தலைமுறையாகத் தொற்றிவரும் நோய், அது தன் மக்களைத் தொடக்கூடாது என்பதே டோபியின் மறுமொழி.

யாருடைய இரத்தம்?

இங்கேதான் படத்தின் மற்றொரு பாதியை நாம் கடுமையாக ஆராயவேண்டும். தொடக்கத்தில் டோபியின் திட்டத்தில் இரத்தம் இல்லை. ஆனால் துப்பாக்கி இருந்தது. போஸ்ட் என்னும் ஊரின் கிளையில் எதிர்பாராத கூட்டம். காவலாளி ஒருவரும் ஆயுதம் தரித்த வாடிக்கையாளர் ஒருவரும் அங்கே கொல்லப்படுகின்றனர். பின்னர் ஆல்பர்ட்டோ. இம்மூவரில் எவரும் டோபியின் தாய்க்குக் கடன் கொடுத்தவரல்லர். வட்டியை நிர்ணயித்தவர் ஒருவருக்கும் ஒரு கீறலும் விழவில்லை. அந்நிலத்தை யார் யாரிடமிருந்து பறித்தார் என்னும் உண்மையை இப்படத்தில் எடுத்துரைத்த ஒரே மனிதர் ஆல்பர்ட்டோ. அம்முதல் இழப்பின் வாரிசே இக்கடைசி மீட்புக்கும் விலையாகிறார்.

திருமறையின் கோயேல் தன் சொந்தப் பொருளைக் கொடுத்து மீட்பவன். ரூத்தின் வரலாற்றில் முதல் உரிமையுடைய இனத்தான் தன் சுதந்தரத்துக்குக் கேடு வருமோ என அஞ்சிப் பின்வாங்கினான் (4:6). மீட்பு மீட்பவனுக்குச் செலவு வைக்கும் என்பதை அவன் அறிந்திருந்தான். போவாஸ் அச்செலவை ஏற்றார். பிறர் இரத்தத்தால் பெறும் காணிக்கு மீட்பு என்று பெயரில்லை. ஆகாபிடம் எலியா கேட்டதும் இதைத்தான்: கொலையும் செய்து நிலத்தையும் எடுத்துக்கொண்டாயோ? ஆகாபுக்கு எதிராகப் புறப்பட்ட டோபி, அறியாமலே ஆகாபின் வழியில் நடந்துவிடுகிறான்.

டானரைக் கிறிஸ்துவின் சாயலாகக் காட்ட விரும்புவோர் இருக்கலாம். அவன் சகோதரனுக்காகத் தன் உயிரைக் கொடுக்கிறான் என்பது மெய். எவனும் தப்பியதில்லை என்று அறிந்தும் ஏன் இதற்கு உடன்பட்டாய் எனத் தம்பி வினவும்போது, நீ கேட்டாய் அதனால் என்கிறான். அவ்வன்பை நாம் இகழவில்லை. ஆனால் கல்வாரியில் மரித்தவர் தாம் மரிக்குமுன் எவரையும் கொல்லவில்லை. திரையில் ஒருவன் பிறனுக்காக மடிந்தவுடனே அவனைக் கிறிஸ்துவோடு ஒப்பிடும் வழக்கம் நம் பிரசங்கங்களில் பெருகிவருகிறது. அது சிலுவையை மலிவாக்கும்.

எனினும் படத்துக்கு நாம் நீதி செய்யவேண்டும். அது டோபியைப் புனிதனாக்கவில்லை. தன் மூத்த மகனிடம் அவன், என்னையும் பெரியப்பனையும் பற்றிப் பலவும் கேள்விப்படுவாய், எங்களைப் போலாகாதே என்கிறான். நான் நம்பமாட்டேன் என்று மகன் சொல்ல, இல்லை, நம்பு, அவை அனைத்தும் நான் செய்தவையே என்கிறான். பிதாக்கள் தின்ற புளிப்புத் திராட்சையால் பிள்ளைகளின் பல் கூசுவதில்லை என்னும் எசேக்கியேலின் போதனையை (18ஆம் அதி.) அவன் தன்னளவில் பற்றிக்கொள்ள முயல்கிறான். அவன் வாயில் பாவ அறிக்கை இருக்கிறது. அதைக் கேட்டு மன்னிப்பை அறிவிக்க ஒருவர் இல்லை. திருச்சபையைப் பற்றி இப்படத்தில் நம் நினைவில் நிற்பதெல்லாம் விடுதி அறையின் தொலைக்காட்சியில் பேசும் ஒரு பிரசங்கியே. ஆல்பர்ட்டோ அதைப் பார்த்துக்கொண்டிருக்க, மார்கஸ் ஏளனம் செய்கிறார். கடனாளியின் வீட்டுக்கு வராத சபை திரையில் வெறும் ஒலியாகிவிட்டது. இக்குற்றச்சாட்டை நாம் மறுக்க இயலுமா?

யூபிலியின்றி மீட்பு

மற்றொன்றும் கருதத்தக்கது. மீட்ட பண்ணையை டோபி ஒரு டிரஸ்டாக எழுதி, அதை நிர்வகிக்கும் பொறுப்பை அதே டெக்சாஸ் மிட்லண்ட்ஸ் வங்கியிடம் ஒப்படைக்கிறான். அவ்வருவாயை இழக்க விரும்பாத வங்கி புலனாய்வுக்கு ஒத்துழைக்காது என்பதே அவன் கணக்கு. கணக்கு பலிக்கிறது. நால்வர் இறந்தபின் எண்ணெய் இறைக்கும் பொறிகள் அசைகின்றன, வங்கியும் தழைக்கிறது, டோபியின் மக்களும் தழைக்கின்றனர். 200 டாலருக்காகக் காவலரோடு வாதாடிய பணிப்பெண்ணின் தவணை மட்டும் அப்படியே நிற்கிறது.

யூபிலி எக்காளம் தேசத்தின் குடிகள் யாவருக்கும் ஊதப்பட்டது. டோபியின் மீட்போ ஒரு வீட்டை மட்டும் கடனாளிகளின் வரிசையிலிருந்து உடைமையாளர்களின் வரிசைக்கு மாற்றுகிறது, வரிசை மாறவில்லை. தனி மனித மீட்பை மட்டுமே பேசி, கட்டமைப்பைத் தொடாது விடும் நம்முடைய நற்செய்திக்கும் இதே குறை உண்டு என்பதை மனத்தில் கொள்ளவேண்டும்.

முடிவாக

தாழ்வாரத்து உரையாடலின் இறுதியில் ‘சமாதானம்’ என்னும் சொல் வருகிறது. நகரில் தான் குடியிருக்கும் சிறு வீட்டுக்கு வந்து பேச்சை முடிக்குமாறு டோபி அழைக்கிறான். ஒருவேளை உமக்குச் சமாதானம் தருவேன் என்கிறான். ஒருவேளை நானே உனக்குத் தருவேன் என்கிறார் மார்கஸ். இருவரும் அச்சொல்லால் குறிப்பது மரணத்தை. மீட்பு முடிந்தும் பழி முடியவில்லை.

எண்ணாகமம் 35 இதற்கு எளிய விடை தரவில்லை. சிந்தப்பட்ட இரத்தம் நிலத்தைத் தீட்டுப்படுத்தும் என்றும், கொலைபாதகனின் உயிருக்கு மீட்கும்பொருள் ஏற்கலாகாது என்றும் அது திட்டமாய்க் கூறுகிறது. அதன்படி டோபியின் பண்ணை வங்கியின் கடனிலிருந்து மீண்டாலும் ஆபேலின் இரத்தத்திலிருந்து மீளவில்லை. ஆனால் அதே அதிகாரம், கைப்பிசகாய்க் கொன்றவன் அடைக்கலப்பட்டணத்தில் தங்கி, பிரதான ஆசாரியன் மரித்தபின் தன் காணிக்குத் திரும்பலாம் என்றும் கூறுகிறது. பழிவாங்கும் சங்கிலி ஒரு மரணத்தோடு அறுந்துபோக வழியுண்டு என்பதன் முன்னறிவிப்பை அதில் காண்கிறோம். ஆபேலின் இரத்தத்தைவிட நன்மையானவற்றைப் பேசும் இரத்தத்தைப் பற்றி எபிரெயர் நிருபம் சொல்வது (12:24) மனந்திரும்பும் கொலைஞனுக்கும், ஆறுதலற்ற பழிவாங்குகிறவனுக்கும் சேர்த்தே சொல்லப்பட்டது.

அந்நற்செய்தியை அறிவிக்கும் தகுதி நமக்கு எப்போது உண்டாகும்? ஏல அறிவிப்பு ஒட்டப்பட்ட வீட்டுக்குப் போதகர் முதல் ஆளாய்ச் செல்லும்போது. வட்டியைப் பற்றி நெகேமியாவைப் போலச் சபையார் முன் வெளிப்படையாய்ப் பேசும்போது. நம் சபைகள் வைத்திருக்கும் நிலங்கள் யாரிடமிருந்து வந்தவை என்று கேட்க அஞ்சாதபோது. அதற்குமுன் நாம் பாடும் மீட்பின் பாடல்கள், விடுதி அறைத் தொலைக்காட்சியின் பிரசங்கத்தைப் போலவே, பக்கத்து அறையில் படுத்திருக்கும் கடனாளியின் காதில் விழாமலே போய்விடும்.